‘எஞ்சாய் எஞ்சாமி’: தேயிலைத் தோட்டத்துப் பாட்டியின் கதை உலகப் பாட்டான வரலாறு

2021-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி யூடியூப்பில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ எந்தத் திரைப்படத்தையும் சேர்ந்த பாடல் அல்ல. நட்சத்திர நடிகர் இல்லை, வெளிநாட்டுப் படப்பிடிப்பு இல்லை, காதல் காட்சியும் இல்லை. பாடகி தீ, ராப் பாடகர் அறிவு, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஆகிய மூவரும் சேர்ந்து உருவாக்கிய தனிப்பாடல் அது. ஆனாலும் முதல் ஆண்டு முடிவதற்குள் 30 கோடிக்கும் அதிகமான முறை அது பார்க்கப்பட்டது. தமிழ் தெரியாத நாடுகளிலும் அதற்கு ஆடினார்கள். இங்கே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த காலம் அது. வீட்டுக்குள் அடைபட்டிருந்த பிள்ளைகள் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு ஆடிய பாட்டுகளில் இதுவும் ஒன்று.

ஆட்டம் போட வைத்த அந்தப் பாட்டுக்குள் இருப்பதோ, நிலத்தைத் திருத்தி மரம் வளர்த்த ஒருவருக்கு அந்த நிலத்தில் ஒரு பிடி மண்ணும் மிஞ்சாத கதை. அதைத் தோட்டப்புறத் தமிழர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பாட்டு வெற்றி பெற்ற பிறகு, இது யாருடைய பாட்டு என்ற கேள்வி எழுந்ததும், அதை உருவாக்கியவர்களே ஆளுக்கொரு பக்கம் நின்றதும்தான் இந்த வரலாற்றின் இரண்டாம் பாதி.

வள்ளியம்மாளின் பேரன்

அறிவின் முழுப்பெயர் அறிவரசு கலைநேசன். தமிழ்நாட்டின் அரக்கோணத்தைச் சேர்ந்தவர். இயக்குநர் பா.ரஞ்சித்தின் முயற்சியில் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக் குழுவில் பாடித்தான் முதலில் கவனம் பெற்றார். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில் ஒலித்த குழு அது. சாதியை நேருக்கு நேர் கேள்வி கேட்ட பாடல்கள் அவர்களுடையவை. 2019-இல் ‘தெருக்குரல்’ என்ற இசைத்தொகுப்பை இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து வெளியிட்டார். அதன் பிறகு ‘தெருக்குரல் அறிவு’ என்றே பலரும் அவரை அழைக்கத் தொடங்கினர். ‘மாஸ்டர்’ படத்தின் ‘வாத்தி ரெய்டு’ பாடலை எழுதியவரும் இவர்தான்.

இவருடைய பாட்டியின் பெயர் வள்ளியம்மாள். இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தவர். உழைத்த இடத்திலும் சொந்த நிலம் இல்லை, திரும்பிய இடத்திலும் இல்லை. அந்தப் பாட்டி சொன்ன கதைகளும் அவருடைய வாழ்க்கையுமே இந்தப் பாட்டின் வேர் என்று அறிவு பல முறை சொல்லியிருக்கிறார். பாட்டிலும் தன்னை அவருடைய பேரன் என்றே அறிவித்துக்கொள்கிறார். காணொலியில் வள்ளியம்மாளே தோன்றுகிறார். சிம்மாசனம் போன்ற ஓர் இருக்கையில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேயிலைக் கூடை சுமந்த ஒரு பாட்டி அரியணையில் அமர்ந்த காட்சி தமிழ்த் திரையில் அதற்குமுன் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

வள்ளியம்மாளின் கதை தனி ஒருவரின் கதையும் அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், இலைத்துரு நோயால் காப்பி அழிந்த பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டு செல்லப்பட்டனர். கொண்டு சென்றவர் கங்காணி. கடலைக் கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தே போனார்கள். வழியிலேயே நோயிலும் பசியிலும் மாண்டவர்கள் ஏராளம். இலங்கை 1948-இல் சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. தேயிலை மூட்டைகளைப் பங்கு போடுவதுபோல் மனிதர்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அவர்களில் யாரிடமும் எங்கே வாழ விருப்பம் என்று முன்கூட்டிக் கேட்கவில்லை.

திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. வேறு பலர் ஊர் ஊராகச் சிதறிப் போனார்கள். பூர்வீக ஊரில் அவர்களை ‘சிலோன்காரர்’ என்றார்கள். இலங்கையிலோ அவர்கள் ‘இந்தியத் தமிழர்’.

மலாயாவின் கதை அச்சு அசலாக இதேபோல் இல்லை என்றாலும், ஒரே கொடியில் காய்த்ததுதான். இங்கும் கங்காணிதான் ஆள் பிடித்தார். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை அது நடந்தது. இங்கும் லயத்து வீடு, பெரட்டுக்களம், தண்டல், கிராணி என்று ஓர் உலகம் இருந்தது. தோட்டத் துண்டாடலின்போது, மூன்று தலைமுறையாகப் பால் வெட்டியவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேற நேர்ந்தது. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது அதனால்தான். நட்டவருக்கே நிலத்தில் ஒரு பங்கு வேண்டும் என்ற அதே எண்ணத்தைத்தான் அறுபது ஆண்டு கழித்து ஒரு ராப் பாடகர் தாளத்தில் ஏற்றினார்.

‘சாமி’ என்ற ஒரு சொல்

பாட்டின் தலைப்பைப் பலர் ஏதோ ஆங்கிலமும் தமிழும் கலந்த விளையாட்டு என்றே நினைத்தார்கள். விளையாட்டு இருப்பது உண்மைதான். ‘எஞ்சாய்’ என்றால் மகிழ்ந்திரு. ‘எஞ்சாமி’ என்பது ‘என் சாமி’. இரண்டையும் சேர்த்து வேகமாகச் சொன்னால் ஒரே சொல்லின் இரு பாதிகள் போல ஒலிக்கும். ஆட்டப்பாட்டுக்கு அப்படிப்பட்ட ஓசை ஒன்றே பாதி வெற்றி.

ஆனால் ‘சாமி’ என்ற சொல்லுக்கு நம் பேச்சில் இரண்டு திசை உண்டு. கூலிக்காரர் நிலக்காரரைக் கைகட்டி நின்று கூப்பிட்டதும் ‘சாமி’தான். பாட்டி பேரப்பிள்ளையை மடியில் போட்டுக் கொஞ்சும்போது சொல்வதும் ‘என் சாமி’தான். முன்னது கீழே நின்று மேலே பார்த்துச் சொல்வது. பின்னதில் பெரியவர் குனிந்து சின்னவரை உயர்த்துகிறார். அடிமைத்தனத்தின் அடையாளமான சொல்லையே பாசத்தின் சொல்லாக மாற்றியவர்கள் நம் பாட்டிமார்கள். தோட்டத்தில் வளர்ந்த எவரும் இந்த இரண்டு ‘சாமி’யையும் காதால் கேட்டிருப்பார்கள். அறிவு இந்தச் சொல்லை எடுத்து, ‘வாருங்கள், எல்லாரும் ஒன்றாகக் கூடுங்கள்’ என்று அழைக்கும் அழைப்பாக வைத்தார்.

பாட்டு முழுவதும் குயில், நாய், பூனை, ஏரி, குளம், நெல், மரம் என்று உயிர்களின் பெயர்களாக வருகின்றன. எல்லாவற்றுக்கும் இந்த மண்ணில் பங்கு உண்டு, முன்னோர் அப்படித்தான் விட்டுச் சென்றார்கள் என்பதே சாரம். மேடைப் பேச்சாக எழுதியிருந்தால் இரண்டு நிமிடத்தில் சலித்திருக்கும். குழந்தைப் பாட்டின் எளிமையில் எழுதியதால் மூன்று வயதுப் பிள்ளையும் பாடியது.

பிற்பகுதியில் பாட்டின் முகம் மாறுகிறது. ஆட்டத்தின் வேகம் தணிந்து, ஒப்பாரியின் இழுவை வந்து சேர்கிறது. மரங்களை வளர்த்துத் தோட்டத்தைச் செழிக்க வைத்தவரின் தொண்டை மட்டும் வறண்டு கிடக்கிறது என்ற பொருளில் அந்தப் பகுதி அமைந்திருக்கிறது. தேயிலைத் தோட்டம், கித்தாத் தோட்டம், செம்பனைத் தோட்டம் எதைப் பற்றியும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஒப்பாரியை நடனப் பாட்டுக்குள் வைப்பது துணிச்சலான காரியம் போல் வெளியாருக்குத் தோன்றும். இழவு வீட்டில் தப்பு அடித்து ஆடுகிற வழக்கம் உள்ள மக்களுக்கு அது புதிதல்ல. துக்கமும் ஆட்டமும் நம் தோட்டங்களில் ஒரே தாளத்தில்தான் நடந்திருக்கின்றன. மலைநாட்டு எழுத்தாளர் சி.வி.வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று தொகுத்துவைத்த பாடல்களிலும் உழைப்பும் ஏக்கமும் தாலாட்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

மூன்று பேர், ஒரு பாட்டு

தீ ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட பாடகி. சந்தோஷ் நாராயணனின் மகள் முறை. அவருடைய மனைவி, பாடகி மீனாட்சி ஐயரின் மகள். ‘இறுதிச்சுற்று’ படத்தின் ‘ஏ சண்டக்காரா’ அவர் குரலைத் தனியாக அடையாளம் காட்டியது. தனுஷுடன் அவர் பாடிய ‘ரவுடி பேபி’ 2020-இல் யூடியூப்பில் 100 கோடிப் பார்வையைத் தாண்டியது. கொஞ்சம் கரகரப்பும் கொஞ்சம் அலட்சியமும் கலந்த குரல் அவருடையது. இந்தப் பாட்டின் தொடக்கத்தில் குயில் கூவுவதுபோல் அவர் இழுக்கும் அந்தச் சிறு பகுதிதான் கேட்பவர் காதில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலப் பாப் உலகில் இதைத் தூண்டில் என்பார்கள். மீன் ஒருமுறை கடித்துவிட்டால் விடாது.

சந்தோஷ் நாராயணனை மலேசியத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மலேசியத் தோட்டத் தமிழர்களைக் கதைக்களமாகக் கொண்டு 2016-இல் வந்த ‘கபாலி’க்கு இசை அவர்தான். ‘அட்டகத்தி’யில் அறிமுகமானது முதலே கானாவையும் தப்பு ஒலியையும் மேற்கத்தியக் கருவிகளோடு உரசவிட்டுப் பார்ப்பது அவர் பாணி.

2020 டிசம்பரில், வேர்களையும் இயற்கையையும் கொண்டாடும் ஒரு தமிழ்ப் பாட்டு செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு தீ தம்மிடம் வந்ததாகச் சந்தோஷ் பின்னர் எழுதினார். ‘கடைசி விவசாயி’ படத்தின் இயக்குநர் மணிகண்டனும் அந்த முயற்சிக்கு ஓர் உந்துதலாக இருந்தார் என்றார். காணொலியை அமித் கிருஷ்ணன் இயக்கினார். வறண்ட நிலம், பச்சை, கண்ணைப் பறிக்கும் வண்ண உடைகள் என்று கிராமத்தைப் பரிதாபமாகக் காட்டாமல் பெருமையாகக் காட்டிய காணொலி அது. தனிக் கலைஞர்களுக்காகத் தொடங்கப்பட்ட ‘மாஜா’ என்ற இசைத்தளம் அதை வெளியிட்டது. ஏ.ஆர்.ரஹ்மான் அந்தத் தளத்தோடு இணைந்திருந்தார் என்பதும் ஆரம்பக் கவனத்துக்கு உதவியது.

திரைப்படம் என்ற தேர் இல்லாமல் தமிழ்ப் பாட்டு ஊர்வலம் போக முடியாது என்ற நெடுநாள் நம்பிக்கையை இந்தப் பாட்டு அசைத்துப் பார்த்தது. பல ஆண்டுகளாகத் தனிப்பாடல் செய்துவரும் மலேசியத் தமிழ்க் கலைஞர்களுக்கு இது ஆறுதலான செய்தி. யோகி பி குழுவினர் 2000-களிலேயே நம் நாட்டிலிருந்து அந்தக் கதவைத் தட்டியவர்கள் என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

யாருடைய பாட்டு?

முதல் உரசல் 2021 ஆகஸ்டில் வெளிப்பட்டது. ‘ரோலிங் ஸ்டோன்’ இந்தியப் பதிப்பின் அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்த கனடா ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர். இவர்களைக் கொண்டாடக் காரணமாகச் சொல்லப்பட்ட பாடல்கள் ‘எஞ்சாய் எஞ்சாமி’யும் ‘சார்பட்டா பரம்பரை’யின் ‘நீயே ஒளி’யும். இரண்டிலும் தமிழ் வரிகள் அறிவுடையவை. ஆனால் அட்டையில் அறிவு இல்லை. பிரெஞ்சு டிஜே ஸ்நேக் செய்த மறுகலவையிலும் அறிவின் பெயருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்ற குறை சேர்ந்துகொண்டது. பா.ரஞ்சித் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு அந்த இதழ் அறிவைத் தனியாக மின்பதிப்பு அட்டையில் வெளியிட்டது. ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த கலைஞரின் சொல் வேண்டும், முகம் வேண்டாமா என்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியை வெறும் கோபம் என்று தள்ளிவிட முடியாது.

அடுத்த ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது. அங்கே தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் இந்தப் பாட்டைப் பாடினார்கள். மாரியம்மாள் ‘கர்ணன்’ படத்தின் ‘கண்டா வரச்சொல்லுங்க’ பாட்டால் புகழ்பெற்றவர். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். சில நாட்களில் அவர் இன்ஸ்டாகிராமில் நீண்ட பதிவு ஒன்றை வெளியிட்டார். மெட்டமைத்து, எழுதி, பாடி, நடித்தது தாமே என்றும், ஒரு மெட்டையோ ஒரு சொல்லையோ தமக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை என்றும், ஆறு மாதம் தூக்கம் தொலைத்து உழைத்ததாகவும் சொன்னார். அது கூட்டு முயற்சிதான், ஆனால் அதற்குள் இருப்பது தம் பாட்டியின், நிலமற்ற தோட்டத் தொழிலாளர்களின் வரலாறு என்பதை யாரும் மறைக்க முடியாது என்பதே அவர் வாதத்தின் மையம்.

சந்தோஷ் பதிலளித்தார். இசை, ஒலி அமைப்பு, பதிவு ஆகியவை தம் பணி என்றும், தீ பாடிய பகுதிகளின் மெட்டு தீயோடும் அறிவு பாடிய பகுதிகளின் மெட்டு அறிவோடும் சேர்ந்து உருவானது என்றும், வருமானத்திலும் உரிமையிலும் மூவருக்கும் சமபங்கு என்றும் விளக்கினார். ஒலிம்பியாட் விழாவுக்கு வர இயலாததால்தான் அறிவு மேடையில் இல்லை என்றார். அறிவுக்கு உரிய பெயரைத் தாம் எப்போதும் சொல்லியே வந்ததாகத் தீயும் எழுதினார். இதழின் அட்டை தம் கையில் இல்லை என்றார்.

இந்தச் சண்டையில் பாதி, தமிழில் ‘தயாரிப்பாளர்’ என்ற சொல்லால் வந்தது எனலாம். சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர். பாப் இசை உலகில் அச்சொல் ஒலியை உருவாக்குபவரைக் குறிக்கும். தாளம் எது, கருவி எது, குரல் எங்கே நுழைய வேண்டும், எங்கே மௌனம் என்று முடிவு செய்பவர் அவர். நம் திரையிசை வழக்கத்தில் ‘இசை’ என்று ஒரு பெயர், ‘பாடல்’ என்று ஒரு பெயர், ‘பாடியவர்’ என்று ஒரு பெயர். மூன்று பெட்டிக்குள் எல்லாம் அடங்கிவிடும். ராப் பாட்டு அந்தப் பெட்டிகளுக்குள் அடங்காது. ராப் பாடகர் சொல்லை எழுதும்போதே அதன் ஏற்ற இறக்கத்தையும் வைத்துவிடுகிறார். அப்படியென்றால் அந்தப் பகுதிக்கு மெட்டமைத்தவர் யார்? எழுதியவரா, அதைத் தாளத்தில் பொருத்தியவரா? ஒப்பாரிச் சாயலில் வரும் பகுதி இன்னும் சிக்கலானது. அந்த இழுவைக்கு ஆயிரம் பாட்டிமார்கள் சொந்தக்காரர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

சமூக வலைத்தளங்களில் ஆளுக்கொரு கட்சி கட்டினார்கள். மூவரில் ஒருவரைத் திருடராக்காமல் இந்த விவகாரத்தைப் பேச முடியாது என்பதுபோல் ஆயிற்று. அறிவு இல்லையென்றால் அந்தப் பாட்டுக்கு உயிர் இல்லை. சந்தோஷின் ஒலியும் தீயின் குரலும் இல்லையென்றால் அது அத்தனை கோடிக் காதுகளுக்குப் போயிருக்காது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஆனால் மேடையில் விளக்கு எங்கே விழுகிறது என்று பார்த்தால், கதைக்குச் சொந்தமானவர் மீதுதான் அது கடைசியாக விழுந்தது. அறிவின் வேதனைக்கு அதுவே போதுமான காரணம்.

பணம் எங்கே போனது?

2024 மார்ச்சில், பாட்டுக்கு மூன்று ஆண்டு நிறைந்த சமயத்தில், சந்தோஷ் நாராயணன் ஒரு காணொலி வெளியிட்டார். இந்தப் பாட்டால் தங்கள் மூவருக்கும் இதுவரை ஒரு காசு வருமானமும் வந்து சேரவில்லை என்றார். பாட்டை வெளியிட்ட தரப்போடு இதுபற்றிப் பேசியும் பயனில்லை என்றும், இனித் தமக்கென்று ஒரு தளத்தைத் தொடங்கப்போவதாகவும் சொன்னார். ரஹ்மானும் இதில் பாதிக்கப்பட்டவரே, அவர்மீது குறையில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். இது அவர் தரப்புச் சொல். ஆனால் சமபங்கு யாருக்கு என்று அதுவரை வாதாடியவர்கள் இதைக் கேட்டு வாயடைத்துப் போனார்கள்.

இது எப்படி நடக்கக்கூடும் என்பதை இசை செய்யும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. சொல்லும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. பதிவு செய்யப்பட்ட ஒலி மற்றொன்று. முதலாவதற்கு எழுதியவரும் மெட்டமைத்தவரும் சொந்தக்காரர்கள். இரண்டாவது, ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. யூடியூப் விளம்பரப் பணம் முதலில் போவது காணொலியின் உரிமை யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அங்கேதான். பாடியவர் வீட்டுக்கு அது நேராக வருவதில்லை. பார்வை எத்தனை கோடி என்பதைப் பார்த்துக் கலைஞர் கோடீஸ்வரராகிவிட்டார் என்று நினைப்பவர்கள், இடையில் எத்தனை கை இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்தியாவில் 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமத்தொகைப் பங்கை முழுவதுமாக விட்டுக்கொடுத்துவிட முடியாது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் படைப்பாளியின் தார்மீக உரிமைக்கு இடம் உண்டு. அவர் பெயரைச் சொல்லாமல் அவருடைய படைப்பை வெளியிடுவதை அவர் எதிர்க்கலாம். எம்ஏசிபி என்ற அமைப்பு இங்கே பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்காக உரிமத்தொகையைத் திரட்டித் தருகிறது. சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைப்பாளியின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. சட்டம் இருந்தாலும், பதிவறைக்குள் போவதற்கு முன் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடும் பழக்கம் நம்மவர்களிடம் இன்னும் வேரூன்றவில்லை. ‘நம்ம பையன்தானே’, ‘நம்ம அண்ணன்தானே’ என்றே வேலை தொடங்குகிறது. பாட்டு ஓடாதவரை அந்த நட்பு நன்றாகத்தான் இருக்கும்.

கங்காணி காலத்தில் கைநாட்டு வைத்தவர்களுக்குத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வரும் ஒப்பந்தமோ நாற்பது பக்க ஆங்கிலம். படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் கைநாட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

‘எஞ்சாய் எஞ்சாமி’ இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கல்யாண விருந்திலும் பள்ளிக் கலைநிகழ்ச்சியிலும் ஒலிபெருக்கியில் அது வந்தால் பிள்ளைகள் எழுந்துவிடுகிறார்கள். பெரியவர்களில் சிலர் அந்த ஒப்பாரி இழுவை வரும்போது மட்டும் சற்று நிமிர்ந்து உட்காருகிறார்கள். அறிவு 2024-இல் தம் தனி இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’.